இரண்டு காலோடும் போன ஜெஸீமா

ஜெஸீமா மௌத்தான செய்தி எனக்கு லுஹர்த் தொழுகைக்குச் சற்று முன்னால் வந்தது. அவளுடைய மருமகள் ரிஸ்னாதான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "பெரியம்மா, மாமி போய்ட்டா. நீங்கதான் குளிப்பாட்டணும். வேற ஆள் வேணாமெண்டு சொல்லி வச்சிருந்தா." இந்தக் கரைத்தீவுக் குடியேற்றத்தில் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுவது பல வருடமாக என் வேலை. யாருக்கென்று கூப்பிட்டாலும் போவேன். அன்றைக்கு மட்டும் கதிரையை விட்டு எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அவளுக்கு வந்தது டெங்குக் காய்ச்சல். ஐந்து நாள் கிடந்தாள். வயது ஐம்பத்தொன்பது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் ஜனாஸா வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் இருந்த நீங்களெல்லாம் வேறு கதை கொண்டு திரிகிறீர்கள். நடந்து நடந்தே செத்தாள் என்கிறீர்கள். மருமகள் சோறு போடவில்லை, உடம்பில் பெலன் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போன என் பேத்தி, தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் மகள், இது என் கையால் எழுத வேண்டியது என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஏன் நடந்தாள் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? நாங்கள் வடக்கிலிருந்து வந்து ஓலைக் கொட்டில்களில் இருந்த காலத்தில், ஜெஸீமாவின் உம்மாவுக்குக் காலில் முள் குத்தியது. சீனி வருத்தக்காரி, புண் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதையும். முகாமில் கக்கூசு தூரத்தில் இருந்தது. ஜெஸீமா அந்த உம்மாவைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போவாள். உம்மா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். நான் கண்ணால் கண்டது இது.

சண்டை முடிந்து சில வருடத்தில் அவளுக்கும் அதே வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அப்போது அவள் எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியுந்தானே. வேன் கதவால் பக்கவாட்டில்தான் ஏறுவாள். நிறையைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கூடப் பிறக்காவிட்டாலும் என்னை அக்காவாக நினைத்து ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். "ராத்தா, நான் அழகுக்கு மெலியப் போறல்ல. ரெண்டு காலோடயும் கபுறுக்குப் போகணும். அதுக்குத்தான்" என்றாள்.

அடுத்த நாளே தொடங்கினாள். சுபஹு தொழுதுவிட்டு, அபாயாவும் மகன் நஸாரின் பழைய சப்பாத்துமாகக் களப்போரத்து வீதியில் உப்பளம் வரை போய்த் திரும்புவாள். மூன்றாம் நாள் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறார். இவள் மாட்டேன் என்றிருக்கிறாள். அந்த வயதுப் பெண் விடியற்காலையில் தனியாக வேகமாகப் போனால், மருமகளோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள் என்பதைத் தவிர நம் ஆட்களுக்கு வேறொன்றும் தோன்றாதே! அவர் நேரே நஸாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நஸார் உடுத்த சாரத்தோடு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, நடு வீதியில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றான்.

"உம்மா, வாங்க வீட்ட. ரிஸ்னா என்ன சொன்னாலும் நான் கேக்கிறன்."

"கோவிச்சிக்கிட்டுப் போறவ வெறுங்கையோட போவாளாடா? என்ட அலுமாரியையும் ஏத்திக்கிட்டெல்லோ போவன்! தள்ளி நில்லு, பெற்றோல் மணக்குது."

நாங்களெல்லாம் சிரித்தோம். ஆனால் அன்று ரிஸ்னாவின் தலையில் ஏறிய பழி பிறகு இறங்கவேயில்லை. ஜெஸீமா மெலிய மெலிய, மருமகள் பட்டினி போடுகிறாள் என்ற கதை பெருத்தது. உண்மையில் குரக்கன் பிட்டும் கீரையும் தேங்காய்ப்பால் குறைத்த மீன் ஆணமும் விடியமுன் எழும்பிச் சமைத்து வைத்தவள் ரிஸ்னா. வீட்டில் மற்றவர்களுக்கு வேறாகவும் சமைக்க வேண்டும். இரண்டு அடுப்பு வேலை, பதினொரு வருடம். அதற்கு அவளுக்குக் கிடைத்த பெயர் இது.

நம் கலியாண வீடுகளில் ஆறு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறோம். அங்கே ஒருத்தி குறைத்துச் சாப்பிட முடியுமா? மற்ற ஐந்து பேர் விட மாட்டார்களே. ஒரு கலியாணத்தில் ஜெஸீமா இருந்த உடனேயே விரலால் சோற்றில் ஒரு கோடு கீறினாள். அயல் வீட்டு ஹாஜரா மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு சஹன்ல எல்லை போடுற ஆள இப்பதான் காணுறன். உன்ட பங்க நாங்க பறிக்கவா போறம்?"

"நீங்க பறிக்க மாட்டீங்க மாமி, தள்ளுவீங்க. அதுக்குத்தான் எல்லை."

எல்லாரும் கொல்லென்று சிரித்த சிரிப்பில், ஒரு பெரிய இறைச்சித் துண்டு அந்தக் கோட்டைத் தாண்டி அவள் பக்கம் விழுந்தது. தள்ளியவள் நான். பாசத்தில்தான் தள்ளினேன். அவள் அதைத் திருப்பி என் பக்கம் வைத்துவிட்டு, "ராத்தா, என்ட உம்மாட கால எல்லாரும் பாசத்திலதான் வெட்ட வச்சாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அப்போது கோபம் வந்தது. இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. மற்றவர்களை ஏசுகிற இந்த இடத்தில் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒருநாள் எங்கள் பழைய காணிகளைப் பார்க்க ஒரு வேனில் மன்னார்ப் பக்கம் போனோம். கண்ணிவெடி எடுத்து முடித்த இடந்தான், ஆனால் பாதை பற்றைக்காடாகிக் கிடந்தது. வேன் நின்றுவிட்டது. நஸாரைத் தவிர வந்த ஆம்பிளைகள் கொஞ்சத் தூரம் போய் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் இருந்தேன். ஜெஸீமா ஒரு கம்பை முறித்துக்கொண்டு நஸாரோடு போனாள். வெகு நேரம் கழித்து, அபாயாவெல்லாம் முள் கிழித்து, சிரித்த முகத்தோடு வந்தாள். "கிணறு இரிக்கி ராத்தா. கட்டு இடிஞ்சிட்டு, தண்ணி இரிக்கி. உங்கட காணிப் புளியமரமும் நிக்குது" என்றாள். என் புளியமரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி ஜனாஸா அன்றைக்கு நடந்தது. குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மையித்தில் கண்ட குறையை வெளியில் வாய் திறக்கக் கூடாது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ கண்டிருக்கிறேன். ஒன்றையும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நல்லதைக் கண்டால் சொல்லலாம். நான் ஜெஸீமாவின் காலைக் கழுவினேன். பத்து விரலும் இருந்தன. குதியில் ஒரு வெடிப்பில்லை, ஒரு புண்ணில்லை. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. யார் வெட்டியது என்று ரிஸ்னாவைப் பார்த்தேன். "முந்தாநாள் வார்ட்டுல வச்சி நான்தான் பெரியம்மா வெட்டினன். மாமிக்கு நகம் வளந்தாப் பயம்" என்றாள்.

வெளியே முற்றத்தில் ஹாஜரா மாமியின் குரல் கேட்டது. "நடக்காம வீட்டோட இருந்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பா. இவள் எங்க சோறு போட்டாள்?" ரிஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெஸீமாவைக் கபன் துணியில் பொதிந்து முடித்த பிறகு, ஈரம் காயாத கையோடு நான் வெளியே வந்தேன்.

"குளிப்பாட்டினவ சொல்றன், கேளுங்க. ஜெஸீமா ரெண்டு காலோடயும் போறா. ஒரு விரல் குறையல்ல. கடைசி நகத்த வெட்டி விட்டதும் இந்த மருமகள்தான். காய்ச்சலக் குடுத்தது நடையா, உங்கட வீட்டுக் கோடியில மழைத்தண்ணியோட கிடக்கிற சிரட்டையா? போய்க் கவுத்துப் போடுங்க முதல்ல."

"நான் என்ன சொல்லிட்டன் இப்ப?" என்றார் ஹாஜரா மாமி. உள்ளே ரிஸ்னா அன்றைக்கு முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதாள்.

மறுமையில் அவள் வீசி நடக்க அல்லாஹ் நல்ல விசாலமான பாதை கொடுக்கட்டும்.

எனக்கும் நான்கு வருடமாகச் சீனி இருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. கிளினிக் அட்டை துணிகளுக்கு அடியில் கிடந்தது. அவளை அடக்கிய அடுத்த கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். இப்போது நடக்கிறேன், பள்ளிவாசல் வேலி வரைக்கும்தான், அதற்கே முழங்கால் ஏசுகிறது. ஜெஸீமாவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த நடைதான். மெலிகிறேனோ இல்லையோ, அந்தக் கவலை எனக்கில்லை. நாளைக்கு என்னைக் குளிப்பாட்ட வருகிறவளுக்கும் முற்றத்துக்கு வந்து சொல்ல ஏதாவது நல்லது இருக்க வேண்டும்.