காலியாக விட்ட கட்டம்

திங்கட்கிழமை காலை பாயான் பாருவில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து தொலைபேசி. "அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றாள் அவர் தங்கை சாந்தி. பரமேஸ்வரி அக்காவோடு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எனக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.  

அவர் உயிரியல், நான் கணிதம். மலைத் தவளைகளில் எது எதற்கு நெருங்கிய உறவு என்பது அவருடைய கேள்வி. இரண்டிரண்டு இனமாக எடுத்து, இரத்தப் புரதம் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளப்பார். அந்தத் தூரங்களைக் கட்டம் போட்ட அட்டவணையில் எழுதுவார். அதை வைத்து வம்ச மரம் போட்டுத் தருவது என் வேலை.

முதலில் சுலபமான வழியில் போனேன். தூரம் குறைந்த ஜோடிகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போக, ஓடைத் தவளை ஒன்று மட்டும் ஒட்டாமல் வெளியே நின்றது. அக்கா தாளைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் ஒரே வேகத்துலயா மாறும் தம்பி? இது கொஞ்சம் வேகமா ஓடிடுச்சு. தூரமாப் போயிட்டா சொந்தம் இல்லன்னு ஆயிடுமா?" எனக்குக் கோபம்தான். ஆனாலும் வேகத்தையும் கணக்கில் எடுக்கும் புதிய முறைக்கு மாறினேன். தவளை தன் கூட்டத்துக்குள் வந்தது. அங்கே இரண்டு இனங்களில் எது அதன் உடன்பிறப்பு என்று தீர்க்க ஒரே ஓர் அளவு பாக்கி.

அதற்குள் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். இங்கே ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் போய், உறைபெட்டியில் வைத்திருந்த அந்தத் தவளையின் இரத்த மாதிரி கெட்டுப்போனது. ஓடையில் போய்த் தேடினேன், அந்தத் தவளை மறுபடி அகப்படவே இல்லை.

"மத்த எண்களோட சராசரியப் போட்டுடலாமாக்கா?" என்று கட்டிலருகே நின்று கேட்டேன்.

"வேணாம்லா. தெரியாத இடம் காலியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மரத்தைப் பார்த்துவிட அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாவு வீட்டில் சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா வேலைய முடிச்சிட்டுத்தானே அண்ணே போனாங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஒன்னு பாக்கிம்மா" என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

உடன்பிறப்பு இந்த இனமானால் ஒன்று, அந்த இனமானால் இன்னொன்று என, கட்டுரையை இரண்டு மரங்களோடு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். எது சரி என்று எனக்குத் தெரியாது. அட்டவணை என் மேசையில் இருக்கிறது, அக்காவின் கையெழுத்தில், ஒரு கட்டம் காலியாக. அதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.