துறைமுகத்தைத் தொட மாட்டார்கள்

சோலைச்சாமி மகள் ஈஸ்வரி தில்லியில் என்ன வேலை பார்க்கிறாள் என்பது பரளச்சியில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. "நாட்டுக்கு நாடு சண்ட போடுறாகல்ல, அதப் பத்திப் படிச்சுச் சொல்ற வேல" என்பாள் தாய் ராக்கம்மாள். அதற்கு மேல் கேட்டால் அவளுக்கும் தெரியாது.

அருப்புக்கோட்டையில் கல்லூரி, மதுரையில் மேல்படிப்பு, பிறகு தில்லி. விடுதியில் அவள் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு நடுவில்தான் சர்வதேசப் பாதுகாப்பில் முனைவர் பட்டம் வாங்கினாள். அங்கேயே பேராசிரியையும் ஆனாள். உள்நாட்டுப் போர்களில் ஆயுதக் குழுக்கள் துறைமுகங்களை என்ன செய்கின்றன என்று அவள் எழுதிய புத்தகம் பல நாடுகளில் பாடமானது. அவள் கண்ட விடை எளிமையானது: துறைமுகத்தைத் தொட மாட்டார்கள். நாளைக்குத் தன் கைக்கு வரப்போகிற வருமானத்தை எவனும் குண்டு போட்டு அழிக்க மாட்டான். அந்தப் புத்தகத்துக்காகவே அமைச்சகம் ஒன்று அவளைத் தன் ஆலோசனைக் குழுவுக்கு அழைத்துக்கொண்டது.

தம்பி வீரபாண்டிக்குப் படிப்பு ஏறவில்லை. மிளகாயும் மல்லியும் போட்டு, மழை ஏமாற்றி, கடைசியில் செங்கடல் கரையில் ஒரு துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போனான். "யக்கா, நீ புத்தகத்துல எழுதுன ஊருக்கே வேலைக்குப் போறேன்" என்று சிரித்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

மறு வருஷம் அந்த நாட்டில் சண்டை மூண்டது. நம் ஆட்களைக் கூட்டிவர உடனே கப்பல் அனுப்ப வேண்டுமா என்று குழுவில் கேட்டார்கள். ஈஸ்வரி தயங்கவில்லை. "ஆபத்து உள்நாட்டு ஊர்களில்தான். அங்கே இருப்பவர்களை முதலில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேருங்கள். கப்பல் நிதானமாகப் போகலாம்" என்றாள். அதையே அறிக்கையாகவும் எழுதிக் கொடுத்தாள். குழு அப்படியே ஏற்றுக்கொண்டது.

அன்று சாயங்காலம் வீரபாண்டி கூப்பிட்டான்.

"யக்கா, இங்க ஒரு சரக்குக் கப்பல்ல எடம் இருக்குங்கிறாக. ஏறிரவா?"

"எதுக்குடா பதறுற? இருக்கதுலயே அதுதான் பத்திரமான எடம். மத்தவகளையே அங்க கொண்டாந்து சேக்கச் சொல்லிருக்கோம். வேலைய விட்டுட்டு வந்தா திரும்ப எடுப்பானா?"

"நீ சொன்னாச் சரிக்கா."

அந்த வாரமே குண்டு விழுந்தது. துறைமுகத்தைத் தங்களால் பிடிக்க முடியாது என்று ஆயுதக் குழுவுக்குத் தெரிந்துபோனது. எதிராளிக்கும் கிடைக்கக் கூடாது என்று அடித்து நொறுக்கினார்கள். உள்நாட்டு ஊர்களிலிருந்து கூட்டிவந்து சரக்குக் கொட்டகையில் தங்க வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் எரிந்துபோனார்கள். அவர்களை வெளியே இழுக்க ஓடிய வீரபாண்டியின் மேல் கூரை இறங்கியது.

குழுத் தலைவர் ஈஸ்வரியைத் தனியே அழைத்தார். தம்பிக்காக வருத்தம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "துறைமுகத்தைத் தொட மாட்டார்கள் என்பதற்கு முன்னால் உங்கள் அறிக்கையில் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். நல்லவேளை. உங்கள் மேல் பழி வராது" என்றார்.

பெட்டி பரளச்சிக்கு வந்தது. திறக்கக் கூடாது என்று ஆணியடித்து அனுப்பியிருந்தார்கள். வீரபாண்டியின் மனைவி முத்துமாரி அதன் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தவள், ஈஸ்வரியைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"மதினி, கப்பல்ல ஏறவான்னு உங்ககிட்டக் கேட்டாராமே?"

"கேட்டான்."

"எங்கிட்டயும் சொன்னாரு. அக்கா இருக்கச் சொல்லிருச்சு, அதுக்குத் தெரியாததா அப்படின்னாரு. நானும் நிம்மதியா போன வச்சுட்டேன் மதினி."

திட்டியிருந்தால் ஈஸ்வரி தாங்கியிருப்பாள். ராக்கம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மகள் கையைப் பிடிக்க வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ படிக்காத சிறுக்கியா இருந்திருந்தா, பயந்து போயி ஓடியாடான்னு கூப்பிட்டிருப்பே."

அதுதான் அவள் மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அடுத்த ஆண்டு வேறொரு நாட்டில், வேறொரு துறைமுகத்தில் அதே நெருக்கடி வந்தது. "இன்றைக்கே கப்பல் அனுப்புங்கள்" என்றாள் ஈஸ்வரி. தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "உங்கள் துக்கம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் முடிவெடுக்க வேண்டியது துக்கம் இல்லையே" என்று சொல்லிவிட்டு, அவள் புத்தகத்திலிருந்தே ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார். கப்பல் போகவில்லை.

அந்தத் துறைமுகத்தை யாரும் தொடவில்லை. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. "பார்த்தீர்களா, புத்தகம்தான் சரி" என்று தலைவர் கைகுலுக்க வந்தார். எல்லாரும் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று ஈஸ்வரிக்குத் தெரிந்தது. ஆனால் அந்த ஊர் எரிந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் மனசு கேட்டுவிட்டது. அதைக் கேட்டவள் தானேதான் என்று உணர்ந்ததும், நீட்டிய கையைத் தொடாமல் வெளியே போனாள். அந்த மாதமே ஆலோசனைக் குழுவை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினாள்.

இப்போதும் அந்தப் புத்தகத்தைத்தான் நடத்துகிறாள். மாணவர்கள் அவளைக் கண்டிப்பானவள் என்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போவதை நிறுத்தவில்லை. முத்துமாரி முகம் கோணாமல் சோறு போடுவாள். ராக்கம்மாள் ஆடுகளைப் பத்திக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவாள். மகள் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்று யாராவது போய்ச் சொன்ன பிறகுதான் வீடு திரும்புவாள்.