நான்கு கிண்ணம் எண்ணெய்

மே 30, காலை 7.10. ஆரல் கடலின் வடகரை, கோக்தாம் மீன்பிடி முகாம். படகு எஞ்சின்: நாற்பது குதிரைத்திறன். உரிமையாளர்: குன்சுலு, வயது 38. கியர் எண்ணெய் மாற்றுபவர்: ஜான்போலத், வயது 54, குன்சுலுவின் அக்காள் கணவர். மீன்பிடித் தடை முடிய இரண்டு நாட்கள்.

மணலில் மண்டியிட்டிருக்கிறார் ஜான்போலத். கீழ்த் திருகு, பிறகு மேல் திருகு. கழற்றிய இரண்டும் தொப்பியின் மடிப்புக்குள் போகின்றன. புதிய செம்பு வாஷர்களைக் குதிரையின் வால்முடியில் கோத்துக் கழுத்தில் அணிந்திருக்கிறார். கியர்ப் பெட்டியிலிருந்து வடியும் எண்ணெயை வெள்ளைத் தேநீர்க் கிண்ணங்களில் பிடிக்கிறார். வெள்ளையில்தான் நிறம் தெரியும் என்பது அவர் கட்சி. "தண்ணி கலந்தா நம்ம பால் டீ மாதிரி ஆயிடும். அந்த நிறம் வாய்க்கு நல்லது, கியருக்கு ஆகாது."

அவருடைய அளவை கிண்ணம் மட்டுமே. நான்கு கிண்ணம் எடுப்பார்; நான்கு கிண்ணம் கைப்பம்பினால் கீழ்த் துளை வழியே ஏற்றுவார். மணலில் ஒரு சொட்டும் விழாது. பெட்டி நிறைந்ததா என்று அறிய மேல் துளையில் எண்ணெய் வழியவிடுபவர்களை ஊதாரிகள் என்பார்.

சென்ற செப்டம்பர் 14 அன்று, கரையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தொலைவில், குன்சுலுவின் கியர் கருகியது. இந்தக் கரையில் அவ்வளவு தூரம் போகிறவர் அவர் ஒருவரே. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. புதிய கியர் பொருத்தியவரும் எண்ணெய் விட்டவரும் ஜான்போலத்தான். இன்று வடிந்த எண்ணெயிலும் தீய்ந்த வாடை. விரலில் தேய்த்தால் இரும்புப்பொடி மின்னுகிறது.

"என்ன மச்சான், மறுபடியும் எரிச்சுட்டீங்களா?"

"நான் எங்க எரிச்சேன், கொழுந்தியா? நாலு ஊத்துனேன், நாலு வந்திருக்கு. தண்ணி இல்ல, ஒழுகலும் இல்ல. ஒண்ணுமே புரியல."

"இன்னொரு கியர் இந்தக் கரையிலேயே கிடையாது. இதுவும் போச்சுன்னா நான் ஆடு மேய்க்கத்தான் போகணும். உங்களையும் சேர்த்து மேய்ப்பேன்."

பல்கலைக்கழகத்திலிருந்து மீன் ஆய்வுக்கு வந்திருக்கும் நான், அந்த நான்கு கிண்ணங்களையும் என் மீன்முட்டை அளக்கும் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்தேன்: 310 மில்லி. எஞ்சின் கையேட்டில் உள்ளது: 430. கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி அளந்தேன்: 110. நான்கு கிண்ணம் 440 ஆக வேண்டும். இருமுறை பெருக்கினேன், விடை மாறவில்லை.

"மீதி எங்க போச்சு தம்பி?" என்றார் ஜான்போலத்.

"தெரியலண்ணே."

"பல்கலைக்கழகத்துல இதைச் சொல்லித்தரலையா?"

எஞ்சினுக்கடியில் விரித்திருந்த அட்டையை முகர்ந்தார், காய்ந்திருந்தது. பம்பைப் பிரித்தார், அதிலும் ஒன்றுமில்லை. நடுப்பகல் வரை நாங்கள் மூவரும் மாறி மாறி நான்கு வரை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பிறகு பவுர்சாக் வந்தது. எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டைகளோடு தேநீரும் வந்தது. ஜான்போலத்தே ஊற்றினார். குன்சுலுவின் கிண்ணத்தில் தேநீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் கெண்டி நிமிர்ந்தது.

"தாகமா இருக்கு மச்சான். நிறைய ஊத்துங்க."

"நிறைய ஊத்துனா 'குடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தமாயிடும். என் கை எவனுக்கும் அப்படி ஊத்துனதில்ல..."

கெண்டி அந்தரத்தில் நின்றது. அவர் அருகிலிருந்த எண்ணெய்க் கிண்ணங்களைப் பார்த்தார். நான்கிலும் எண்ணெய்க் கறை, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வட்டமிட்டிருந்தது.

"ஐயோ," என்றார் குன்சுலு, மெதுவாக.

ஜான்போலத் கெண்டியைக் கீழே வைத்தார். எண்ணெய் டின்னைச் சாய்த்துக் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார், பம்பினால் கீழ்த் துளை வழியே ஏற்றினார். நான்காவது கிண்ணத்தின் கடைசி மிடறு ஏறும்போது மேல் துளை வழிந்து மணலில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. மேல் திருகை முடுக்கினார், பிறகு கீழ்த் திருகை. வெறும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துப் படகின் எஞ்சின் முன்னே போய் மண்டியிட்டார்.

கரையில் அவர் கையால் எண்ணெய் விடப்பட்ட மற்ற எஞ்சின்கள்: பதினொன்று.