ஒழுகின தொட்டியும் அந்தோனி அண்ணையும்

காலமை எழும்பிப் பார்த்தால் ஹோல் முழுக்க உப்புத்தண்ணி. என்ர கடல்மீன் தொட்டியின்ர மூலையில ஒட்டு விட்டுப் பாதித் தண்ணி ஒழுகிப் போச்சு. பவளங்கள் வெளியில தெரியுது.

பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணையைக் கூப்பிட்டன். கடலுக்குப் போய் வந்து அப்பத்தான் படுத்த மனுசன். "மீனை வீட்டுக்குள்ள வச்சு வளக்கிறதோ?" எண்டு எப்பவும் சிரிக்கிறவர்.

இண்டைக்குச் சிரிக்கேல்ல. ஐஸ் போட்டு மீன் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியும் ரெண்டு கான் கடல்தண்ணியும் கொண்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் பவளத்தைத் தூக்குங்கோ. மீனை நான் பாக்கிறன்."

ஒவ்வொரு மீனையும் ரெண்டு கையாலயும் தண்ணியோட ஏந்திப் பெட்டிக்குள்ள விட்டார். எல்லாம் தப்பீட்டுது. ஒரு சின்ன மீன் மட்டும் நீந்தாமல் சோர்ந்து கிடந்துது.

வீட்ட போனவர் மூண்டு தரம் போன் எடுத்திட்டார். "அந்தச் சின்னன் இப்ப நீந்துதோ?"

கொழும்பில இருக்கிற என்ர அவர் ஒருக்காத்தான் எடுத்தவர். "நிலம் காய்ஞ்சிட்டுதோ?" எண்டு கேட்டார்.

உங்கட வீட்டு அவரும் இப்பிடித்தானோ?