எபர்பாக்கில் வாங்கிய கைத்துப்பாக்கி

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் வால்டோர்ஃபிலிருந்து கிளம்பினோம். ஹைடல்பெர்கில் ரயில் மாறி, நெக்கர் ஆற்றை ஒட்டியே சுமார் முப்பது கிலோமீட்டர் போனால் எபர்பாக். வழியெல்லாம் பனிமூட்டம். என் மனைவி மலர் கைபேசியில் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வரும். குழந்தைக்காக நாங்கள் செய்துகொண்ட மூன்றாவது சிகிச்சை. இதுவும் இல்லையென்றால் இத்தோடு போதும் என்று பேசி வைத்திருந்தோம். வீட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் என் பழந்துப்பாக்கி மோகத்துக்கு அவளும் துணை வந்தாள்.

விற்பவர் கிளாஸ், ஓய்வுபெற்ற தபால்காரர். தோட்டக் கொட்டகைக்கு அழைத்துப்போய், ஆணியில் தொங்கிய கைத்துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். விலை 280 யூரோ. இந்த மாதிரி ஒற்றைக் குண்டுப் பழசுக்கு இங்கே உரிமம் வேண்டாம். பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும்.

“என்னங்க, பளபளப்பே இல்லை?” என்றாள் மலர்.

“பளபளன்னு இருந்தாத்தான் சந்தேகப்படணும்.”

பழுப்பேறிய இரும்பை யாரும் தேய்த்துக் கெடுத்திருக்கவில்லை. திருகுகளின் தலை சிதையவில்லை. கைப்பிடி மரத்தில் மட்டும் ஒரு விரிசல், பாதகமில்லை. எனக்கு வாயெல்லாம் பல். துப்பாக்கியின் சுத்தியலைத் தொடுமுன் உள்ளே பழைய வெடிமருந்து கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். குழலுக்குள் மெல்லிய குச்சியை விட்டேன். பாதியிலேயே நின்றுவிட்டது. குண்டு ஏற்றியபடியே கிடக்கிறதோ!

கிளாஸ் குழல் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் டார்ச் அடித்தார். உள்ளே மண் பூச்சு. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“காட்டுத்தேனீ, மண்ணில் கூடு கட்டும் வகை! போன வசந்தத்தில் நானே துடைத்து வைத்தேன், அதற்குப் பிறகுதான் கட்டியிருக்கிறது. ஏப்ரலில் வெளியே வரும். அதுவரை கூட்டைக் கலைக்க விடமாட்டேன்” என்றார் ஜெர்மனில்.

மண்ணுக்கு அடியில் துரு எவ்வளவோ! குழலைப் பார்க்காமல் வாங்குபவன் ஏமாளி. கிளம்பலாம் என்று திரும்பினேன். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது.

“குளவிக்கூடுங்க! கூடு கட்டின வீட்ல குழந்தை பிறக்கும்னு சொல்வாங்கல்ல?”

“இது அவர் வீடு, மலர்.”

“காசு கொடுத்துட்டா நம்மளுதுதானே? வாங்குங்க.”

தேனீ என்று நான் திருத்தவில்லை. பேரமும் பேசவில்லை. 280 யூரோவையும் கொடுத்துவிட்டு, துப்பாக்கியை அந்த ஆணியிலேயே விட்டுவந்தோம்.

திரும்பும் ரயிலில் மலர் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“ஏப்ரல்ல நீங்க மட்டும் போய் எடுத்துட்டு வாங்க. எனக்கு அப்ப மசக்கையா இருக்கும்ல.”

தனியாகவே போகிறேன் என்றேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அப்படியே நடக்கட்டும் என்று வால்டோர்ஃப் வந்து சேரும்வரை வேண்டிக்கொண்டே இருந்தேன்.