அண்ணாச்சி கூப்பிடாத பெயர்

தகப்பன் இடத்தில் இருந்து என்னை வளர்த்த அண்ணாச்சி அவர்கள் மறைந்து ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும், அவர்களுடைய நற்குணங்களை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அல்லர். ஆனால் ஒரு காரியத்தில் நாம் எல்லோருமே அவர்களைத் தவறாக நினைத்துவிட்டோம். எல்லோரையும்விட அதிகமாகத் தவறு செய்தவன் நான். அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அண்ணாச்சி திருவேங்கடத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தார்கள். வானம் பார்த்த பூமி. நான் தவழும் வயதில் எங்கள் தகப்பனார் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் தாயாரும் பின்னாலேயே போனார்கள். அடுத்தடுத்து மழையும் பொய்த்தது. அண்ணாச்சி என்னைத் தோளில் வைத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு நடந்தே வந்து, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரியில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்தார்கள். அந்த எண்ணெய்க் கையால் சம்பாதித்துத்தான் என்னைப் படிக்கவைத்து வாத்தியார் ஆக்கினார்கள்.

நாளடைவில் அவர்களே எஞ்சினைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஆனார்கள். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவார்கள். மனிதர்களிடம்தான் பேச்சு குறைவு. கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அவர்கள் யாரையும் ஏசிய விதம் அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கும் மதினிக்கும் மூத்தது பெண். சங்கரன்கோவிலில் பெண் பிறந்தால் பெயருக்கு யாரும் யோசிப்பதில்லை. கோவில் அம்மன் பெயரையே, கோமதி என்று வைத்தார்கள். எட்டாம் மாதத்தில் காய்ச்சலில் போயிற்று. இரண்டாவதும் பெண். மூத்ததே திரும்ப வந்திருக்கிறது என்று அதற்கும் கோமதி என்றே வைத்தார்கள். அது நாலு மாதம்கூட இருக்கவில்லை.

மூன்றாவது, யுத்தம் நடந்துகொண்டிருந்த நாளில் பிறந்தது. அதுவும் பெண்தான். மதினி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே பயந்தார்கள். பால் கொடுக்கும்போதுகூடத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைப்பேறு பார்க்கச் சிவகிரியிலிருந்து வந்திருந்த மதினியின் அக்காதான் வழி சொன்னார்கள்.

"இத உங்க பிள்ளன்னு வச்சுக்கிட்டா நிக்காதுட்டி. அந்நியர் யார் கையிலயாவது கொடுத்துட்டு, ஒரு படி தவிட்டக் குடுத்துத் திரும்ப வாங்கிக்கோங்க. அவுக வைக்கிற பேருதான் அதுக்குப் பேரு. எமன் வந்து எட்டிப் பாத்தாலும், இது வேற வீட்டுப் பிள்ளன்னு போயிருவான்."

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். கடையநல்லூரிலிருந்து துணி கொண்டுவரும் பாயிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. அண்ணாச்சி இரண்டு நாள் யோசித்துவிட்டு, பேக்டரி துரையிடம் கொடுப்போம் என்றார்கள். துரை ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்வார். தனியாள். பங்களாவில் அவருக்குத் துணை ஒரு பட்லர் மட்டும்தான்.

"கடையநல்லூருன்னா எமன் கண்டுபிடிச்சிருவான். துரை ஊருக்குன்னா கப்பலேறிப் போய்த் தேடட்டும்" என்றார்கள் அண்ணாச்சி. அவர்கள் அபூர்வமாகச் செய்த வேடிக்கை அது. யாரும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பங்களாவுக்குப் போனோம். பட்லர் விஷயத்தை எடுத்துச் சொன்னார். துரை கேலி செய்வாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் உள்ளே போய்க் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கினார். வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் மெதுவாக நடந்தார். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நல்ல பெயராக யோசிக்கிறார் என்று நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வந்து, "எல்ஸ்பெத்" என்றார். "எங்க ஊர்ப் பேர். நல்ல பேர்."

தவிட்டை வாங்கப் பாத்திரம் இல்லை. துரை தன் தொப்பியை நீட்டினார். மதினி ஒரு படித் தவிட்டையும் அதில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் அதன் முகத்தை நேராகப் பார்த்தார்கள்.

பிள்ளை நின்றது. ஊர் வாய்தான் நிற்கவில்லை. "கிறிஸ்து வேதத்துல சேந்துட்டாகளோ" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். இந்த மலரைப் படிப்பவர்களில் சிலரும் கேட்டிருக்கிறீர்கள். வருத்தப்பட வேண்டாம், நானும் உங்களோடு சேர்ந்தவன்தான். அண்ணாச்சி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை விட்டு வரும்போது தெரு முனையிலேயே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேச்சே இல்லாத மனிதருக்கு இவ்வளவு தொண்டை எங்கிருந்து வந்தது என்று தெருவே பேசும். பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும்.

சுதந்திரம் வந்ததும் துரை ஊருக்குக் கிளம்பினார். பிள்ளைக்கு நாலு வயது. அண்ணாச்சி ஸ்டேஷன் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். அன்று தெருவில் சத்தமில்லாமல் நடந்து வந்தார்கள். அன்றிலிருந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "பாப்பா" என்பார்கள். அதுவும் தேவைப்பட்டால்தான்.

அது மட்டுமில்லை. விடிந்ததும் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்து பிள்ளை நெற்றியில் பூசாமல் வேலைக்குப் போகமாட்டார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு விடமாட்டார்கள். ஊரணிப் பக்கம் விடமாட்டார்கள். ஏழு வயது முடியாமல் பள்ளிக்கூடத்துக்கும் விடமாட்டேன் என்றுவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லித்தரும் எனக்கு இது எவ்வளவு அவமானம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பள்ளியில் சேர்க்கும்போது, கோமதி என்று எழுதிவிடுவோம், நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் நல்லது என்றேன்.

"மாத்தாண்டாம். அந்தப் பேரே இருக்கட்டும்."

"அப்ப நீங்க ஒரு தடவ கூப்பிடுங்க அண்ணாச்சி, பாப்போம்."

அண்ணாச்சி துண்டை எடுத்தார்கள்.

"பேரையும் மாத்த விடமாட்டிய, கூப்பிடவும் மாட்டிய. ரெண்டு போயி இதுவும் பொட்டப்பிள்ளயா வந்ததுதான் உங்களுக்குப் பிடிக்கல" என்றேன். பிள்ளை அங்கேயே நின்றது. அண்ணாச்சி வெளியே போய்விட்டார்கள். நான் சொன்ன வார்த்தை உள்ளே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் தகப்பனாரிடம் எதையும் ஆசையாகக் கேட்டு நான் பார்க்கவில்லை. ஒரு தடவை என்னிடம் மட்டும், "அப்பா ஏன் சித்தப்பா என்னப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேங்காக?" என்று கேட்டாள். உங்கப்பா குணமே அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி அண்ணாச்சிக்கு இளைப்பு கண்டது. ஆனால் போவதில் மதினி அவர்கள் முந்திக்கொண்டார்கள். அதன் பிறகு அண்ணாச்சி பேக்டரிக்குப் போகவில்லை. சாய்ந்து படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்தபடியே மூன்று மாதம் இருந்தார்கள். மகள்தான் கஞ்சி ஊற்றினாள். ஒருநாள் மத்தியானம், அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது, டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வேட்டிக்கு அடியில் ஒரு போட்டோ இருந்தது. வெள்ளைக்காரச் சிறுபெண். பின்பக்கம் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் படித்தேன். அந்தப் பெயர்தான். கீழே, ஆறு வயது என்று இருந்தது.

"துரை மகதாம்லே" என்றார்கள் அண்ணாச்சி. "ஆறு வயசுல செத்துப் போச்சாம். ஸ்டேஷன்ல வச்சுத்தான் போட்டோவக் குடுத்துச் சொன்னாரு. 'இந்தப் பேர இனி எங்க வீட்டுல கூப்பிட ஆளில்ல, நீங்க கூப்பிடுங்க, மாத்திராதீங்க'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. மாத்தமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

எமன் கண்ணுக்குத் தப்பவேண்டும் என்று வாங்கிய பெயர், எமன் ஏற்கெனவே கொண்டுபோன பெயர். துரை மேல் குற்றமில்லை. அவருக்கு அதைவிட அருமையான பெயர் வேறு இல்லை. அதை எடுத்து நம் பிள்ளைக்குக் கொடுத்தார். ஆனால் மதினிக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே உயிரை விட்டிருப்பார்கள். அதனால் அண்ணாச்சி ஒருவரிடமும் சொல்லாமல், மகளுக்கு ஆறு வயது கழியும் வரைக்கும் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"ஆறு கழிஞ்ச பிறகாவது கூப்பிட்டிருக்கலாமே அண்ணாச்சி."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். "கூப்பிடத்தாம்லே வாயத் தொறப்பேன். போட்டோவுல உள்ள புள்ள முகம் முன்னால வந்து நிக்கும். கூப்பிட்டா ரெண்டுல எது திரும்பிப் பாக்கும்னு பயம். அப்புறம் பழக்கம் விட்டுப்போச்சு."

மகளிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நான் போன பிறகு சொல் என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார்கள். கடைசி நாளிலும் "பாப்பா, தண்ணி" என்றுதான் கேட்டார்கள்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அன்று சொன்ன வார்த்தைக்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். அவள் போட்டோவை வாங்கிக்கொண்டாள்.

பதினாறாம் நாள், ஆண்பிள்ளை இல்லாததால் நான்தான் குளத்தில் இறங்கினேன். அவளும் வருவேன் என்று பிடிவாதமாக வந்து மேல்படியில் நின்றாள். அண்ணாச்சிக்கும் மதினிக்கும் இரண்டு கோமதிகளுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்தேன். அப்போது அவள், "அந்தப் புள்ளைக்கும் விடுங்க சித்தப்பா. அதுக்கு யாரு விட்டிருப்பா" என்றாள்.

சடங்கு செய்துவைத்தவர், "யாருக்குன்னு பேரச் சொல்லி விடுங்க" என்றார்.

அந்தப் பெயருக்கு உரியவள் உயிரோடு எனக்குப் பின்னால் நிற்கிறாள். என் கையில் எள்ளும் தண்ணீரும் இருக்கிறது. வாயைத் திறந்தேன். வரவில்லை. தண்ணீர் முழுவதும் விரல் இடுக்கில் ஒழுகிவிட்டது. மறுபடி மொண்டு, "துரை மகளுக்கு" என்று சொல்லி விட்டேன்.

கரையேறி வந்தபோது அவள் கேட்டாள். "அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், என்ன சித்தப்பா?"

ஆமாம் என்றேன். தகப்பனார் போன அன்றுகூட அழாத பெண் அப்போதுதான் அழுதாள்.

அண்ணாச்சியின் நோய்க்காலத்தில் ஒருநாள் தவறாமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த பேக்டரித் தொழிலாளர்களுக்கும், இரவல் பாத்திரம் முதல் வாழையிலை வரை கொடுத்துதவிய தெருக்காரர்களுக்கும், கோடித்துணியைத் தானே சுமந்து கொண்டுவந்த கடையநல்லூர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தொப்பியில் தவிடு வாங்கிக்கொண்ட துரை அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இருக்கும் இடத்தில் நன்றாக இருக்கட்டும்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பெயரை மாற்றப்போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு இன்னும் சரியாக வாய் வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.