சம்பந்தியின் தொட்டித் தண்ணீர்

பக்குரங்காவில் மகன் வாங்கிய வீட்டின் குளியலறையில் ஒரு தொட்டி உண்டு. ஆறு வருடங்களாக அதில் போர்வைகளை ஊறப்போட்டதைத் தவிர நாங்கள் வேறொன்றும் செய்ததில்லை. இந்தக் குளிர்காலத்தில் மருமகளின் தகப்பனார் ஜப்பானிலிருந்து வந்து எங்களோடு தங்கத் தொடங்கியபோதுதான் அது நிரம்பியது.

சம்பந்திக்கு எழுபத்தொன்பது வயது; என்னைவிட இரண்டு கூட. பின்னேரங்களில் ஷவரின் கீழ் சிறிய முக்காலி போட்டு உட்கார்ந்து, சவர்க்காரம் தேய்த்து, விரலிடுக்கு வரை கழுவுவார். அதன் பிறகே தொட்டிக்குள் கழுத்தளவு அமிழ்வார். தண்ணீர் நாற்பத்திரண்டு பாகை. வெப்பமானி வைத்துப் பார்த்தேன்.

முதல் நாள் அவர் எழுந்து போனதும் நான் தொட்டியின் அடைப்பை இழுத்துவிட்டேன். மருமகள் துவாயோடு வாசலில் நின்றாள்; ஜப்பான்காரி, எங்கள் தமிழை மகனிடம் பழகியவள்.

"ஐயோ மாமா, அது எல்லாருக்கும் வைச்ச தண்ணி. அடுத்தது நீங்கள்."

"அவர் குளிச்ச தண்ணியிலையோ, பிள்ளை?"

மகன் சிரித்தான். "அப்பா, ஊரிலை கீரிமலைக் கேணியிலை உங்களுக்கு முன்னம் எத்தினை பேர் இறங்கினவை? எண்ணி வைச்சிருக்கிறியளோ?"

வெந்நீர் சிலிண்டரில் ஒரு தொட்டிக்குத்தான் சூடு இருந்தது. அன்று மற்ற மூவரும் குளிக்கவில்லை.

சில நாட்களின் பின் மருமகள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "மாமா, என்ரை அம்மா தொட்டிக்குள்ளைதான் செத்தவ. குளிர் அறையிலை இருந்து சுடுதண்ணிக்குள்ளை இறங்க, நித்திரை மாதிரி வருமாம். அங்கை வயசான ஆக்கள் குளிச்சா, வெளியிலை நிண்டு கூப்பிட்டுக்கொண்டு இருப்பம். நான் வேலைக்குப் போற நாளிலை நீங்கள் கூப்பிடுவீங்களோ?"

"ஓம்" என்றேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

எங்கள் குளியலறையில் ஹீட்டர் இல்லை. ஒற்றைக் கண்ணாடி யன்னலில் நீர் வழியும். சூட்டைக் குறைக்கும்படி சைகை காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே சுடுதண்ணீர்க் குழாயை இன்னும் திறந்தார். நடையில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சம்பந்தி!" என்பேன். உள்ளிருந்து "ஹாய்!" என்று வரும். அவர்களுடைய 'ஓம்' அது.

ஜூலையில், இங்கே அதுதான் நடுக்குளிர்காலம், ஒரு மழை நாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். முதல் 'ஹாய்' வழமைபோல வந்தது. இரண்டாவது, தூரத்தில் நின்று சொன்னதுபோல. மூன்றாவது வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். குழாய் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

குளிக்கிறவரின் கதவை, அதுவும் சம்பந்தியின் கதவை, திறந்து பழக்கமில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரமென்று எண்ணவில்லை. பிறகு திறந்தேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி மூடியது, கழற்றினேன். அவருடைய நாடிக்கட்டை தண்ணீருக்குள் இருந்தது. கீழுதடும் நனைந்திருந்தது.

தூக்கிப் பார்த்தேன், பாரம் அசையவில்லை. ஒரு கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அடைப்பின் சங்கிலியை எட்டி இழுத்தேன். தண்ணீர் மெல்லத்தான் இறங்கியது. நாடிக்கட்டை தெரிந்தது, தோள் தெரிந்தது, நெஞ்சு தெரிந்தது. நெஞ்சு அசைகிறதா என்பது மட்டும் தெரியவில்லை. துவாயால் போர்த்திவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டேன்.

அவர்கள் வருமுன் கண் திறந்தார். வெறும் தொட்டியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அந்த ஒலிகளை நினைவில் வைத்து, ஆஸ்பத்திரியில் மருமகளிடம் சொல்லிக் காட்டினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"உங்களுக்கு வைச்ச தண்ணியைத் திரும்பவும் வெளியிலை விட்டிட்டீங்களாம், மாமா."

இரண்டு இரவுகளுக்குப் பின் வீட்டுக்கு வந்தார். வெதுவெதுப்பான நீர் போதும் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டினார். மகன் குளியலறைச் சுவரில் ஹீட்டர் பூட்டினான். அடுத்த பின்னேரமே சுடுதண்ணீர்க் குழாய் முழுதாகத் திறக்கும் சத்தம் கேட்டது. கதிரையைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன். ஒவ்வொரு 'ஹாய்'யும் முந்தியதைவிடச் சற்றுப் பிந்தியே வருகிறது.